உட்கார்வதற்குச் சம்பளம்

என் வேலை என்னவென்று நாத்தனாருக்கு விளங்கவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டாள்.

"ஸ்கூலை விட்டுட்டியாமே அண்ணி. இப்ப எங்க போற?"

"மன்றக் கூட்டத்துக்குப் போறேன்."

"அங்க இன்னா வேலை?"

"கவுன்சிலருங்க எல்லாம் கூடி முடிவெடுப்பாங்க இல்ல, அதைப் போய் உக்காந்து பார்க்கறது."

"பார்த்துட்டு?"

"பார்த்ததை ஜனங்களுக்குச் சொல்றது."

"இதுக்குச் சம்பளம் வேறயா? கவர்மென்ட்டு தருதா?"

"இல்ல. ஜனங்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தராங்க."

அவள் வடையைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தாள். "எங்க தெருவுல இதுக்கு வம்புனு பேரு. நாங்க சும்மாவே பண்றோம்" என்றாள். எதிர் வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். ஆனால் அவள் கேட்டது நியாயமான கேள்விதான். அந்த வேலை எப்படி எனக்கு வந்தது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

திருவண்ணாமலைக்கு வெளியே புதிதாக மனை பிரித்த ஒரு நகரில் எங்கள் வீடு. எல்லா மனையிலிருந்தும் மலை தெரியும் என்று சொல்லித்தான் விற்றார்கள். எல்லோரும் மாடி எடுத்த பிறகு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் தெரிகிறது. என் கணவர் வேன் வைத்திருக்கிறார். கடலை மூட்டை, உர மூட்டை, சில நாள் கல்யாணப் பாத்திரம் என்று எதையாவது ஏற்றிக்கொண்டு ஓடுவார். நான் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். நிர்வாகம் கை மாறியதும் ஆசிரியர்களைக் குறைத்தார்கள். குறைந்தவர்களில் நானும் ஒருத்தி.

அந்த வருஷம்தான் எங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகால் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகு பெய்த முதல் பெருமழையில் தண்ணீர் வடிகாலில் இறங்காமல், வடிகாலிலிருந்து ஏறி எங்கள் வீடுகளுக்குள் வந்தது. தெருவைவிட வடிகால் உயரமாக இருந்தது. மூன்று வீடு தள்ளி ஒரு வக்கீலம்மா இருக்கிறார். அவர் வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர். கட்சிக்காரர்களின் வழக்குக் கட்டுகளையெல்லாம் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, மறுநாளே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். சாயங்காலம் தெருக்காரர்களைத் தன் கார் நிறுத்துமிடத்தில் கூட்டினார்.

"அந்த வடிகால் வரைபடம் மன்றக் கூட்டத்துல வெச்சுத்தான் பாஸ் ஆயிருக்கு" என்றார். "யாராவது ஆட்சேபனை சொன்னாங்களான்னு அங்க இருந்த அதிகாரியைக் கேட்டேன். சொல்றதுக்கு அங்க யாரும்மா இருந்தாங்கன்னு என்னையே திருப்பிக் கேக்கறாரு. அவர் கேட்டதுல தப்பே இல்ல. அந்தக் கூட்டத்துல பொதுஜனங்க போய் உக்காரலாம்னு சட்டம் சொல்லுது. நாம ஒருத்தராவது போனோமா?"

யாரும் போகவில்லை. நானும் போனதில்லை. உள்ளாட்சி என்ற பாடத்தை வருஷாவருஷம் எட்டாம் வகுப்புக்கு நடத்தியவள். ஒரு மன்றக் கூட்டத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

தெருமுனையில் தையல்கடை வைத்திருக்கும் டெய்லர்தான் முதலில் யோசனை சொன்னார். "நாம எல்லாரும் பொழப்பை விட்டுட்டுப் போய் உக்கார முடியுமா? யாராவது ஒருத்தரை அனுப்பலாம். அவங்க வேலை கெடுதில்ல, அதுக்கு நாம ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் குடுத்துடலாம்."

"யாரை அனுப்பறது?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் கணவரும் திரும்பினார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆளுக்குக் கொஞ்சம் என்று சொல்வது சுலபம். வசூலுக்கு நானும் வக்கீலம்மாவும்தான் போனோம். எங்கள் ஊரில் கொடுக்காத ஆளே கிடையாது. பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதை முழுக்க சாதம், மோர், பிஸ்கட், விசிறி என்று எதையாவது கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். வாங்குகிறவர்களுக்குக் கை போதாது. ஆனால் கேள்வி கேட்பதற்குக் காசு என்றால் அதே மனிதர்கள் விழித்தார்கள். மளிகைக்கடைக்காரர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

"அன்னதானம்னா சொல்லுங்கம்மா, ஒரு மூட்டை அரிசி இப்பவே ஏத்தி அனுப்பறேன். சாப்பிட்டவன் வயிறு குளிரும், எனக்குப் புண்ணியம். இவங்க போய் நாற்காலியில உக்கார்றதுல எனக்கு இன்னா புண்ணியம்?"

வக்கீலம்மா கடை வாசலைப் பார்த்தார். எதற்கோ தோண்டி மூடாமல் விட்ட பள்ளம் ஒன்று வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. வாடிக்கையாளர்கள் பலகை மேல் நடந்து வந்து பருப்பு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இது எப்ப மூடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"யாருக்குத் தெரியும்?"

"அதைத் தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றதுக்குத்தான் இவங்க போறாங்க."

அவர் பள்ளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கல்லாவைத் திறந்தார். "புண்ணியத்துக்கு இல்லம்மா. பள்ளத்துக்கு" என்று சொல்லிக் கொடுத்தார். அன்று முதல் அவரை நாங்கள் எங்களுக்குள் பள்ளத்து அண்ணாச்சி என்றுதான் சொல்லிக்கொள்வோம்.

முதல் கூட்டத்துக்குக் கல்யாணத்துக்குப் போவதுபோல் இஸ்திரி போட்ட புடவையில் போனேன். வாசலில் ஊழியர் ஒருவர் மறித்தார்.

"பிரஸ்ஸா?"

"இல்லீங்க."

"மனுவா? மனுன்னா திங்கக்கிழமை வாங்க."

"மனு இல்லீங்க. உக்கார வந்தேன்."

"உக்காரவா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வக்கீலம்மா எழுதிக் கொடுத்திருந்த சட்டப் பிரிவைப் படித்துக் காட்டினேன். அவர் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, "கடைசி வரிசையில உக்காந்துக்கோங்க. பேசக் கூடாது" என்றார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் துடைத்தும் கொடுத்தார். நல்ல மனிதர்.

நான் யாரோ ஒரு கவுன்சிலரின் மனைவி என்று நினைத்து முன் வரிசைக்காரர் ஒருவர் வணக்கம் வைத்தார். நானும் வைத்தேன். கூட்டம் தொடங்கியது. நிறைவேற்ற வேண்டியவற்றை ஒவ்வொரு பொருளாக வாசிக்க வாசிக்க, "ஆட்சேபனை இல்லை", "ஆட்சேபனை இல்லை" என்று நாலா பக்கமும் குரல் வந்தது. பஜ்ஜியும் டீயும் வருவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. எனக்கும் ஒரு தட்டு நீட்டினார்கள். வேண்டாம் என்று சொல்ல மனசில்லை; ஆனால் வாங்கலாமா என்றும் தெரியவில்லை. டீ மட்டும் குடித்தேன். பிறகு அதையும் வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டேன். "டீ பரவாயில்ல, பஜ்ஜி வேணாம்" என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன், காசு கொடுத்தவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "அன்பார்ந்த பொதுமக்களே" என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் பேசினேன். காலையில் பால் வாங்கப் போனபோது டெய்லர் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், பாடம் நடத்தறீங்க. ஒரு ஜாக்கெட்டு முழுசா தெச்சு முடிச்சிட்டேன், நீங்க இன்னும் பாயின்ட்டுக்கு வரல. கம்மியா சொல்லுங்க. எங்க வீட்டுப் பக்கம் இன்னா நடக்கப்போவுது, யார் பேசினாங்க, யார் பேசல. அவ்ளோதான் வேணும்."

அதன்படியே செய்தேன். அடுத்த தடவையிலிருந்து குழுவில் ஆள் சேர ஆரம்பித்தார்கள். பள்ளத்து அண்ணாச்சி கடையில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். பள்ளமும் மூடப்பட்டது. என்னால்தான் மூடப்பட்டது என்று நான் சொல்லமாட்டேன். அவர் எல்லோரிடமும் சொன்னார்.

யார் பேசவில்லை என்று சொன்னதில்தான் ஒரு நாள் வம்பு வந்தது. எங்கள் வார்டு கவுன்சிலர் ஒரு பெண்மணி. கூட்டத்தில் அவர் வாயே திறந்ததில்லை. வாசலில் அவர் கணவர் நின்றுகொண்டு அதிகாரிகளிடம் பேசுவார். உள்ளே இவர் கையெழுத்துப் போடுவார். "எங்க வார்டு கவுன்சிலர் இந்தக் கூட்டத்துலயும் எதுவும் பேசல" என்று நான் உள்ளதைச் சொன்னேன். மறுநாள் மத்தியானம் எங்கள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவரேதான். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"நான் பேசலனு ஊர் பூரா சொல்றியாமே" என்றார். முகம் சிவந்திருந்தது. "குழாயடியில பொம்பளைங்க எல்லாம் இன்னாக்கா வாய்ல கொழுக்கட்டையானு கேக்கறாங்க. உனக்கு நான் இன்னா பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலக்கா. பேசியிருந்தீங்கன்னா பேசினாங்கனு சொல்லியிருப்பேன்."

"பேசறதுனா இன்னா பேசறது?"

உள்ளே கூப்பிட்டுக் காபி போட்டுக் கொடுத்தேன். காபி பாதியானதும் கோபமும் பாதியானது. தாழ்ந்த குரலில் சொன்னார்: "மீட்டிங் பேப்பரைக் கையில குடுப்பாங்க. அதுல இருக்கற தமிழே எனக்குப் புரியல. கேட்டா சிரிப்பாங்களோனு பயம். அதான் சும்மா உக்காந்திருக்கேன். உன்னை மாதிரிதான். உனக்காவது சம்பளம் ஜாஸ்தி இருக்கும்."

"இல்லக்கா, ரொம்பக் கம்மி" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். கூட்டத் தமிழில் சில சொற்களுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தத்தைச் சொன்னேன். தெரியாததற்குத் தெரியாது என்றேன். போகும்போது, "குழாய்த் தண்ணி விஷயம் மட்டும் எனக்கு நல்லாத் தெரியும். தினம் நானும்தானே புடிக்கறேன்" என்றார்.

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது, எந்த வீட்டோடு நின்றுவிடுகிறது என்று ஒரே மூச்சில் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள் என்று தலைவரே அதிகாரியிடம் சொன்னார். அன்றைய வாய்ஸ் மெசேஜை நான் சந்தோஷத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன். டெய்லர்கூட ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது வசூல் மெல்லக் குறைந்தது. ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற மாதம், பண்டிகை மாதம் என்று ஆளாளுக்கு ஒரு காரணம். என் சம்பளம் தள்ளித் தள்ளி வந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு லாட்ஜ் முதலாளி வக்கீலம்மாவுக்குப் போன் செய்தார். எங்கள் நகருக்குப் பக்கத்திலேயே அவருடைய பெரிய லாட்ஜ் இருக்கிறது. அன்னதானத்தில் பேர் பெற்ற ஆள்.

"சில்லறை சில்லறையா எதுக்கும்மா வாங்கறீங்க? டீச்சர் சம்பளம் பூரா நானே குடுத்துடறேன். நல்ல காரியம்தானே" என்றார்.

நாங்கள் கார் நிறுத்துமிடத்தில் கூடிப் பேசினோம். டெய்லருக்குத்தான் தயக்கம். "ஒருத்தர் துணியிலயே முழு உடுப்பும் தெச்சா, அளவும் அவர் அளவாத்தான் இருக்கும்" என்றார். எனக்குத் தயக்கமே இல்லை. வீட்டு வாடகை இல்லை என்றாலும் வேன் கடன் இருந்தது. வாங்கிக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன். முதலாளியும் ஒரு நிபந்தனையும் போடாமல் மாதாமாதம் சரியாகக் கொடுத்தார். பார்க்கும்போதெல்லாம், "நல்லா கேளுங்க டீச்சர், விடாதீங்க" என்பார். நான் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு ஒரு கூட்டத்தில் ஒரு பொருள் வந்தது. எங்கள் நகரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய காலி இடத்தை, வண்டி நிறுத்துவதற்காக ஒரு லாட்ஜுக்குக் குத்தகைக்கு விடுவது. லாட்ஜின் பெயரைப் படித்தார்கள். எனக்குச் சம்பளம் தருகிற லாட்ஜ்.

வழக்கம்போல "ஆட்சேபனை இல்லை" கிளம்பியது. அப்போது எங்கள் கவுன்சிலர் எழுந்தார். "இருங்க. இது எங்க வார்டு. எங்க ஜனங்களைக் கேக்காம இதை நிறைவேத்தக் கூடாது" என்றார். கொஞ்ச நேரம் சலசலப்பு. கடைசியில் பொருளை ஒத்திவைத்தார்கள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவர் கடைசி வரிசையில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார். இதைச் சொல்லுவாயா என்று கேட்கிற பார்வை.

பஸ்ஸில் திரும்பி வரும்போதே வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்களுக்கு என்ன தோணுது?" என்றார்.

"சொல்லித்தான் ஆவணும்."

"அப்புறம் எதுக்கு என்னைக் கேக்கறீங்க?"

வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்து பேசினேன். இடம் எது, கேட்பது யார், யார் ஆட்சேபித்தது என்று சொன்னேன். முடிக்கும்போது, "இன்னொண்ணும் நீங்க தெரிஞ்சுக்கணும். இந்த லாட்ஜ் முதலாளிதான் இப்ப எனக்குச் சம்பளம் தராரு" என்றேன். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். என் கணவர் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "வேன் கடனை நான் பார்த்துக்கறேன் விடு. தோசை ஊத்து" என்றார்.

முதலாளி மறுநாளே வக்கீலம்மா வீட்டுக்கு வந்தார். என்னையும் கூப்பிட்டனுப்பினார்கள். அவர் கத்தவில்லை, வருத்தமாகத்தான் பேசினார்.

"எல்லாரையும் கேள்வி கேக்கணும்னுதாம்மா காசு குடுத்தேன். என்னையே கேட்டா எப்படி?"

"எல்லாரும்னா அதுல நீங்களும் இருக்கீங்களே சார்" என்றார் வக்கீலம்மா.

அவர் காபியைக் குடித்து முடித்தார். பிறகு, இனிமேல் தன்னால் முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எழுந்தார். அந்த மாதத்துக்குக் கொடுத்திருந்ததைத் திருப்பிக் கொடுத்தோம், வாங்க மறுத்தார். "அன்னதானத்துல போட்டுடுங்க" என்றார். அப்படியே அடுத்த பௌர்ணமிக்குத் தக்காளி சாதம் செய்து கிரிவலப் பாதையில் வைத்துக் கொடுத்தோம். தெருவே வந்து நின்று கிளறியது. டெய்லர் ஒவ்வொரு தொன்னையோடும், "உங்க ஊர் மன்றக் கூட்டத்துக்குப் போயிருக்கீங்களா?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடுத்தார். பாவம், நடந்து களைத்து வந்தவர்கள் சாதத்தை வாங்கிக்கொண்டு வேகமாக நகர்ந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் நின்று எல்லாவற்றையும் கேட்டு, தன் ஊரிலும் ஆரம்பிக்கப்போவதாகச் சொல்லி டெய்லர் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். சொன்னபடி ஆரம்பித்தும்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம். யாராக இருந்தாலும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மாதத்துக்கு ஒரு லிட்டர் கடலை எண்ணெய் விலைக்கு மேல் வாங்குவதில்லை. எண்ணெய் ஏறினால் ஏறட்டும், இறங்கினால் இறங்கட்டும். கடலை ஏற்றுகிற என் கணவர் சொன்ன யோசனை அது. பூங்கா விஷயம் தெருவெல்லாம் பரவியிருந்ததால், பணத்தை நிறுத்தியிருந்தவர்கள்கூடத் தேடி வந்து கொடுத்தார்கள். ஆள் கூடியதால் சம்பளமும் ஒழுங்காக வர ஆரம்பித்தது. ஒத்திவைத்த பொருள் மறுபடியும் வரவேயில்லை. விண்ணப்பத்தை லாட்ஜ் முதலாளியே திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று கவுன்சிலர் வந்து சொன்னார். அந்த இடத்தில் இப்போது இரண்டு ஊஞ்சலும் நிறைய நெருஞ்சி முள்ளும் இருக்கின்றன. முள்ளுக்காகக் கவுன்சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

சில மாதம் கழித்து எங்கள் வசூலில் புதிதாக ஒரு லிட்டர் எண்ணெய் விலை வந்து சேர்ந்தது. அனுப்பியவர் அதே லாட்ஜ் முதலாளி. குழுவில் தன்னையும் சேர்க்கச் சொல்லியிருந்தார். வக்கீலம்மா ஆச்சரியப்பட்டுப் போன் செய்தார். "மத்தவங்களைப் பத்தி இன்னா சொல்றீங்கனு எனக்கும் தெரியணும் இல்ல?" என்றாராம்.

போன மாதம் எனக்கு நல்ல ஜுரம். கூட்டம் இருக்கிற நாள். எழுந்து நிற்க முடியவில்லை. "நான் போறேன்" என்று என் கணவர் வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். கவனமாகக் கேளுங்கள், முக்கியமானதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள் என்று போர்வைக்குள்ளிருந்தே சொல்லி அனுப்பினேன். ராத்திரி அவரே போனை எடுத்து வாய்ஸ் மெசேஜ் பேசினார்.

"வணக்கமுங்க. டீச்சருக்கு ஜுரம். நான் அவங்க வூட்டுக்காரரு. இன்னைக்குப் படிச்ச வேகத்துல எனக்கு ஒண்ணும் புரியல. பக்கத்துல இருந்தவரைக் கேட்டேன், அவருக்கும் புரியல. அதனால எழுந்து, கொஞ்சம் மெதுவா படிங்கனு சொல்லிட்டேன்."

நான் போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். "ஐயோ, நாம பேசக் கூடாதுங்க! வெளிய அனுப்பிடுவாங்க!"

அவர் போனிலிருந்து விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "அப்படியா? எனக்கு யாரும் சொல்லலயே. அவங்க மெதுவாத்தானே படிச்சாங்க" என்றார். பிறகு எந்தத் தெருவுக்கு விளக்கு வருகிறது, எந்தத் தெருவுக்கு வரவில்லை என்று வரிசையாகச் சொல்லி முடித்தார்.

நான் பேசியதும் அதில் பதிந்துவிட்டது. காலையில் பார்த்தால் குழு முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள். அண்ணன் குரல் தெளிவாக இருக்கிறது, டீச்சர் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், அடுத்த கூட்டத்துக்கும் அண்ணனையே அனுப்புங்கள் என்று கவுன்சிலரே எழுதியிருந்தார். ஜுரம் அன்றைக்கே விட்டுவிட்டது.